மாமன் வார்க்காத தண்ணீர்

அந்த அடையாள அட்டை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள் என்றே சொல்லலாம். என் கணவர் பிலேந்திரன் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்து மறுபடியும் பைக்குள் வைப்பார். நோர்வேயில் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் காட்டிப் பயணம் போகக்கூடிய அட்டை ஒன்று கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டதும் நாங்கள் இருக்கிற லில்லெஸ்ட்ரோமில் முதல் ஆளாக ஓடிய தமிழர் அவராகத்தான் இருக்கும். அதைக் காட்டிப் பாரிசுக்குப் போனார். ஜெர்மனியில் தேர்த் திருவிழாவுக்குப் போனார். திரும்பி வந்து, கண்டவரையெல்லாம் மறித்து வைத்து ஒரே கதை.

"பாஸ்போட் எண்டது கலியாணவீட்டு அல்பம் மாதிரி. அதை ஆர் காவித் திரியிறது? இதைப் பாருங்கோ. பேர்சுக்கை கிடக்கும். ஐரோப்பா முழுக்கச் சுத்தலாம்."

கோயிலில் இந்தக் கதை, தமிழ்ப் பாடசாலை விழாவில் இந்தக் கதை, செத்தவீட்டில்கூட இந்தக் கதை. பயண விஷயம் என்றால் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் ரிக்கெட் போடுவார்கள். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கடவுச்சீட்டு காலாவதியானபோது அதைப் புதுப்பிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் என் தாயைப் பார்க்கப் போய்வருவதால் என்னுடையது மட்டும் அலுமாரியில் இருந்தது. அவர் ஊர்ப்பக்கம் போவதில்லை.

அவருக்கு ஒரே தங்கை பிரியந்தினி. லண்டனில் ஹரோவில் இருக்கிறாள். கோயில் குளமெல்லாம் ஏறி இறங்கிப் பெற்ற ஒரே மகள் ஹம்சத்வனி. அந்தப் பிள்ளை வயதுக்கு வந்து பெரியபிள்ளையானதும் சாமத்தியவீட்டுக்கு நாள் வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் அந்தச் சடங்குக்குத் தாய்மாமன் இல்லாமல் முடியாது. பாலில் தோய்த்த அறுகம்புல்லை முதலில் பிள்ளையின் தலையில் வைப்பவன் அவன், முதல் செம்புத் தண்ணீரை வார்ப்பவனும் அவன். பிறகுதான் மற்றவர்கள் கிட்டப் போகலாம். ஹம்சத்வனிக்கு வேறு தாய்மாமன் கிடையாது.

"அண்ணா, உங்கட கை தலையில பட்டால்தான் என்ர பிள்ளையைச் சடங்குப் பலகையால எழுப்புவன்" என்று பிரியந்தினி போனில் சொன்னாள். அன்றைக்கு இந்த மனிதர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். அழுதிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ரிக்கெட் போடும்போது நான் கேட்டது உண்மை.

"இஞ்சாருங்கோ, லண்டனுக்கும் இந்தக் காட் காணுமோ, பாஸ்போட் வேண்டாமோ?"

"லண்டன் ஐரோப்பாவில இல்லாமல் ஆபிரிக்காவிலையே கிடக்கு?"

"அவங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போட்டாங்களெல்லே?"

"மங்களேஸ், நோர்வேயும்தான் ஒன்றியத்துக்குள்ளை இல்லை. எங்களைப் பாரிசில மறிக்கிறாங்களே? அது வேற, இது வேற."

இவ்வளவு சட்டம் தெரிந்தவரோடு நான் எப்படி வாதாடுவது? வாயை மூடிக்கொண்டு சீர்ச் சாமான்களை அடுக்கினேன். போனில் செக்-இன் செய்யப் பார்த்தபோது என்னுடையது முடிந்தது, அவருடையது கவுண்டருக்கு வரச் சொல்லி நின்றது. பெட்டி பாரம் கூட, அதுதான் என்றார். அதையும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கார்டெர்மோன் விமான நிலையம். ஆட்கள் குறைந்த வரிசை ஒன்று இருக்க, நீளமான வரிசையில் போய் நின்றார். ஏன் என்று பார்த்தால், அந்தக் கவுண்டரில் எங்கள் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஸ்ட்ரோம்மனில் இருக்கிற விமலாதேவியின் மகள் நிருஜா. அவளுடைய தாய்க்கும் இவர் காட் பிரசங்கம் செய்திருக்கிறார்.

"எங்கட பிள்ளை நிக்குது. சுகமாய் முடியும், வாரும்."

நிருஜா எழுந்து நின்றே வணக்கம் சொன்னாள். என் கடவுச்சீட்டைப் பார்த்தாள். அவருடைய அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் திருப்பினாள் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"அங்கிள், பாஸ்போட் கொண்டு வரேல்லையோ?"

"இது காணும்தானே பிள்ளை."

"லண்டனுக்குக் காணாது அங்கிள். முந்தி விட்டவை. இப்ப விடுறேல்லை."

அவர் சிரித்தார். தெரியாத பிள்ளை ஏதோ சொல்கிறது என்ற சிரிப்பு. நிருஜா தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். ஆன்ட்ரியாஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெடியனும் வந்து பார்த்துவிட்டு, மெத்த மரியாதையாக அதையே நோர்வேஜிய மொழியில் சொன்னான். முப்பது வருடத்துக்கு மேல் அந்த மொழியில் வேலை செய்து, கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்கிற என் மனிதர் அன்றைக்குச் சரி, சரி என்று மட்டும் சொன்னார்.

ஆன்ட்ரியாஸ் போனதும் அவர் கவுண்டரின் மேல் சாய்ந்து குரலைத் தணித்தார். தணித்தாலும் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டது.

"பிள்ளை, நீ எங்கட பிள்ளையெல்லே. ஒருக்காக் காணாத மாதிரி விடன். அங்கை இறங்கினாப் பிறகு நான் கதைச்சுக்கொள்ளுவன். என்ர தங்கச்சியின்ர மகளுக்குச் சாமத்தியவீடு. நான்தான் மாமன்."

நிருஜாவின் முகம் சிவந்துவிட்டது. "என்னால ஏலாது அங்கிள்" என்றாள். "சொறி அங்கிள்" என்று இன்னொரு தடவையும் சொன்னாள். அந்தப் பிள்ளையை அப்படி ஒரு இக்கட்டில் நிறுத்தியதை நினைக்க எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. எங்களுக்குப் பின்னால் தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்று. இங்கே கணினி வேலைக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும். அந்தப் பெண் உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்:

"என்ன சார் ஆச்சு? யூகேல ஐடி கார்டு எடுத்துக்கிறதே இல்லையே. ரூல் மாத்தி ரொம்ப நாளாச்சே சார், செக் பண்ணலையா?"

ஊருக்கே ரிக்கெட் போடச் சொல்லிக் கொடுத்த மனிதருக்கு, இந்த நாட்டுக்கு வந்து சில வருடமே ஆன பிள்ளைகளிடமிருந்து இதைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் கறுத்துப் போயிருந்தது.

நிருஜாதான் வழி சொன்னாள். "அங்கிள், இஞ்சையே பொலிஸ் கவுண்டர் இருக்கு. நொட்பாஸ் கேட்டுப் பாருங்கோ. அவசரத்துக்குக் குடுக்கிற பாஸ்போட். கட்டாயம் குடுப்பினம் எண்டு சொல்லேலாது, ஆனால் கேட்டுப் பாக்கலாம். நான் இப்பவே அவைக்கு அடிச்சுச் சொல்லிவிடுறன். நாளைக் காலமை பிளைட்டில இடம் இருக்கு. சடங்கு ஞாயிற்றுக்கிழமையாய்த்தானே இருக்கும்?"

எனக்கு உயிர் வந்தது. அவரும் தலையாட்டினார். "நீர் சாமான்களோட போம். நான் நாளைக்கு வந்து இறங்குவன்" என்றார். பாதுகாப்புச் சோதனைப் பக்கம் போகும்போது திரும்பிப் பார்த்தேன். அட்டையைக் கையில் பிடித்தபடி அந்தக் கவுண்டருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

நான் ஹரோவுக்குப் போய்ச் சேர்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"குடுக்கமாட்டினமாம். சாமத்தியவீட்டை அவசரம் எண்டு எடுக்கேலாதாம்."

"வடிவாய்ச் சொன்னீங்களோ? தாய்மாமன் எண்டு சொன்னீங்களோ?"

"எல்லாம் சொன்னனான். விடும்."

அந்த "விடும்" எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். ஒரு விஷயத்தையும் விடுகிற ஆள் இல்லை அவர். ஆனால் பிரியந்தினி எனக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகிறவளுக்கு முன்னால் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். பொலிஸ் மறித்த கதையைச் சொன்னேன். மொட்டையாகச் சொல்ல மனம் வராமல், சடங்கு என்று சொன்னதும் அந்தப் பொலிஸ்காரன் சிரித்தானாம் என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துவிட்டேன். அவர் அப்படி ஒரு சிரிப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை. கறிக்கு உப்புப் போடுகிற மாதிரித்தான் போட்டேன்.

அந்தச் சிரிப்புத்தான் பரவியது. சனிக்கிழமை பலகாரம் சுட வந்த பெண்கள் எல்லாரும் நோர்வேப் பொலிசைத் திட்டினார்கள். பிரியந்தினியின் கணவர் சுரேன் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னார். "எங்கட சடங்கைக் கேட்டுச் சிரிச்சவனாம்" என்று கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அண்ணன் வராத குறை அப்படியே மறைந்துபோய், அண்ணனுக்கு நடந்த அநியாயம் பெரிதாக நின்றது. பிரியந்தினிக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பின்வளவில் தறப்பாள் கட்டி, கோலம் போட்டு, பிள்ளையைப் பலகையில் இருத்தியிருந்தார்கள். லண்டன் தூறல் தறப்பாளில் விழுந்துகொண்டிருந்தது. சுரேனின் தமக்கையின் கணவர் இரவீந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமன் முறைக்குத் தான் நிற்கலாம் என்று முன்னுக்கு வந்தார். பிரியந்தினி அவரைக் கையால் மறித்தாள்.

"வேண்டாம். என்ர அண்ணா இருக்கேக்கை வேற ஆக்கள் வேண்டாம். மச்சாள், அண்ணாவுக்கு வீடியோ கோல் எடுங்கோ."

எடுத்தேன். லில்லெஸ்ட்ரோமில் எங்கள் வீட்டு வரவேற்பறை தெரிந்தது. என் மனிதர் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, சோபாவுக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் ஸ்டூலில் எங்கள் பித்தளைச் செம்பு. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பாலறுகை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தேன். பிறகு தண்ணீர் வார்த்தேன். அங்கே அவரும் செம்பைத் தூக்கி, காற்றில் ஒரு தலை இருப்பதாக நினைத்துச் சரித்தார். தண்ணீர் எங்கள் வீட்டு மரத்தரையில் விழுகிற சத்தம் போனில் கேட்டது.

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல, பார்க்க அப்படித்தான் இருந்தது. ஹம்சத்வனி சிரிக்கவில்லை. ஈர முகத்தை நிமிர்த்தி, "தாங்ஸ் மாமா" என்று போனுக்குச் சொன்னாள். அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

நான் லண்டனிலிருந்து திரும்பி வந்த பிறகு வீட்டில் அதைப் பற்றிக் கதையே இல்லை. வேலைக்குப் போனார், வந்தார், செய்தி பார்த்தார். சட்டைப் பையைத் தொடுகிற பழக்கம் நின்றுபோயிருந்தது. அவமானப்பட்ட மனிதனைக் கிண்டக்கூடாது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் நிருஜாவைக் கண்டேன். கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அன்ரி, அங்கிள் பிறகு எப்பிடிப் போனவர்? வேற இடத்தில நொட்பாஸ் எடுத்தவரோ?"

"எங்கை பிள்ளை குடுத்தவை? மாட்டம் எண்டு சொல்லிப்போட்டினமெல்லே."

அவள் முழித்தாள். "அங்கிள் அங்கை போகவே இல்லையே அன்ரி. நான் கதைச்சு வைச்சனான். அங்கை வேலை செய்யிறவ திருப்பி எனக்கு அடிச்சுக் கேட்டவ, எங்கை உங்கட ஆள், வரக் காணேல்லை எண்டு. நான் வெளியில வந்து தேடினனான். அங்கிள் ரெயினுக்குப் போற படியில இறங்கிக்கொண்டிருந்தவர். கூப்பிட்டனான், திரும்பேல்லை."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது. ரெயினில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மனிதரைக் கேட்கப் போகிற கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் கொட்டிய இடத்தில் தரை ஊதி நிற்கிறதே, அதையும் சேர்த்துக் கேட்கப் போகிறேன் என்று வந்தேன்.

கதவைத் திறந்தால், அவர் மேசைக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு இருந்தார். ஒலிபெருக்கியில் பிரியந்தினியின் குரல்.

"அண்ணா, சுரேன் சும்மா இருக்கமாட்டாராம். நோர்வேத் தூதரகத்துக்கு முறைப்பாடு குடுக்கப் போறார். அண்டைக்கு எத்தனை மணிக்குப் போனீங்கள், அந்தப் பொலிஸ்காரன் எப்பிடி இருந்தவன், அதை மட்டும் சொல்லுங்கோ. எங்கட சடங்கைக் கேட்டுச் சிரிச்சவனை விடக்கூடாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே நான் அறிந்துகொண்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு காலம் ஒரு வீட்டில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை. அடுக்கி வந்த கேள்விகளை நான் எடுக்க முந்தி அவர் போனுக்குக் குனிந்தார்.

"பிரியா, முறைப்பாடு வேண்டாம்" என்றார்.

"ஏன் அண்ணா? பயமோ?"

"நான் பொலிசிட்டைப் போகேல்லை."

"என்ன சொல்லுறீங்கள் அண்ணா?"

"போகேல்லை பிரியா. போயிருந்தால் குடுத்திருப்பினமோ தெரியாது. நான் போய்க் கேக்கவே இல்லை. வீட்டை வந்திட்டன்."

"ஏன்?"

அவர் மேசையைத் தடவினார். அதன் மேல் போனைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான் இந்த நாட்டுக்கு வந்தது ஆரோ ஒரு மலேசியாக்காரன்ர பாஸ்போட்டில. ஏஜென்சிக்காரன் சொன்னபடி பிளைட் ரொய்லெட்டுக்கை வைச்சு அதைக் கிழிச்சுப் போட்டன். அப்ப இருந்த பழைய எயார்போட் ஃபோர்ணெபுவில இறங்கி, பொலிஸ் மேசைக்கு முன்னால நிண்டு, நான் இந்த நாட்டில முதல் கதைச்ச கதை அதுதான். என்னட்டைப் பாஸ்போட் இல்லை. பின்னால நிண்ட சனம் முழுக்கப் பாத்தது. இந்தக் காட் வந்த அண்டைக்கு நினைச்சன், இனிச் செத்தாலும் அந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை எண்டு. அண்டைக்கு அந்தப் பொலிஸ் கவுண்டரின்ர பெயர்ப்பலகை தெரியிற தூரம் வரைக்கும் போனனான் பிரியா. கால் எழும்பேல்லை. இந்த வயசில திரும்ப அதையே சொல்ல எனக்கு வெக்கமாய்க் கிடந்தது."

இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. எல்லாரும் அப்படித்தான் வந்தோம், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

போனில் பிரியந்தினி கேட்டாள்.

"அப்ப சிரிச்சது ஆர் அண்ணா?"

"ஆர் சிரிச்சது?"

"பொலிஸ்காரன் சிரிச்சவன் எண்டு மச்சாள் சொன்னவ."

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். என் முகம் சுட்டது. காது வரைக்கும் சுட்டது. இவ்வளவு நேரமும் அவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்.

"அது நான் சேர்த்துச் சொன்னது, பிரியா" என்றேன். "ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அவள் எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். மெல்லிய குரலில்தான் சொன்னாள்.

"என்ர பிள்ளையின்ர தலையில அண்ணாவின்ர கை படேல்லை. பொலிஸ்காரன் செய்த வேலை எண்டு அவனைத் திட்டித் திட்டி ஆறியிருந்தன். ஊர் முழுக்க அதைத்தான் சொன்னன். இனி நான் ஆரைத் திட்டி ஆறுறது, சொல்லுங்கோ?"

பதில் சொல்ல வேண்டியவர் அவரா நானா என்று தெரியவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் எழுந்து அறைக்குள் போய், காலாவதியான அந்தப் பழைய கடவுச்சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நோர்வேயில் புதியது எடுக்கவும் அதைக் கொண்டு பொலிசிடம்தான் போக வேண்டும்.

"அங்கை ஏன் பாஸ்போட் இல்லை எண்டு கேப்பினம்" என்றார். "நீரும் வாரும்."